சின்சின்வார் ஜாட்கள்: கிருஷ்ணர் வழியா, சின்சினி வழியா?

ஆக்ராரோடு | செவ்வாய், இரவு 9:40

வேலை மாற்றலில் மதுராவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன ஞாயிறு பிள்ளைகளோடு பரத்பூர் பறவைகள் சரணாலயம் போயிருந்தோம். வெயில் ஏறியதும் பறவைகள் ஒதுங்கிவிட்டன, பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்துவிட்டார்கள். சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கோட்டையையாவது பார்ப்போம் என்று லோஹாகட் போனோம்.

அங்கே ஜவாஹர் புர்ஜ் என்கிற கொத்தளத்தின் மேல் ஒரு இரும்புத் தூண் நிற்கிறது. பரத்பூர் அரசர்களின் வம்சாவளியை அதில் பொறித்திருக்கிறார்கள். யதுவம்சி சிந்துபால் என்பவரில் ஆரம்பம். அவர் கிருஷ்ணரிலிருந்து 64-ஆவது தலைமுறையாம். கடைசிப் பெயர் பிரிஜேந்திர சிங், இந்தியாவோடு சமஸ்தானம் இணைகிறவரை ஆண்டவர். இந்தி படிக்கத் தெரிந்த என் பெண் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து, "அப்பா, நம்ம வீட்டுல தாத்தாவோட தாத்தா பேரே யாருக்கும் தெரியாதே" என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் டீ நேரத்தில் இதைச் சொன்னேன். என் பிரிவில் ஒருவருடைய குடும்பப் பெயர் ஃபௌஜ்தார். ஜாட் (வட இந்திய உழவர் சாதி), சின்சின்வார் கோத்ரம். "ஆமாம், நாங்கள் யதுவம்சிகள், கிருஷ்ணர் வழி" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் கரௌலிப் பக்கத்து ஜாதோன் ராஜபுத்திரர். ஜாதோன்களும் யதுவம்சிகள்தானே. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்கட்டை டீயில் நனைப்பதிலேயே கவனமாக இருந்தார். அந்த மௌனம்தான் என்னை இங்கே எழுத வைத்தது.

ஜாட்டுக்கும் ராஜபுத்திரருக்கும் ஒரே மூதாதை எப்படி வந்தார்? சின்சின்வார் என்றால் என்ன? ஃபௌஜ்தார் என்பது குலப் பெயரா, பட்டமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி | செவ்வாய், இரவு 10:25

அந்த பிஸ்கட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது, தம்பி.

வெள்ளைக்காரர்கள் தொகுத்த கெசட்டியரில் இந்த வம்சத்தைப் பற்றி ஒரு பத்தி வரும். பரத்பூர் பக்கத்து பயானாவை ஆண்ட ஜாதோன் அரசர் தஹன்பால். அவருடைய மூன்றாவது மகன் மதன்பால். அந்த வழியில் பின்னால் வந்தவர் பால்சந்த். அவர் மனைவிக்குப் பிள்ளையில்லை. ஒரு ஜாட் பெண்ணைச் சேர்த்துக்கொண்டார், அவளுக்கு பிஜய், சிஜய் என்று இரண்டு ஆண் பிள்ளைகள். ராஜபுத்திரப் பங்காளிகள் அந்தப் பிள்ளைகளைத் தங்கள் வரிசையில் உட்கார விடவில்லை. சொந்தமாக ஒரு கோத்ரம் இல்லாததால், அப்பாவின் ஊரான சின்சினியின் பெயரையே கோத்ரமாக வைத்துக்கொண்டார்கள். அதுதான் சின்சின்வார்.

ஆக, கரௌலிக்காரருக்கு உங்கள் நண்பர் பங்காளி முறைதான். பந்தியில் பக்கத்தில் உட்கார வைக்காத பங்காளி. அவர் ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு. பிஸ்கட்டை நனைக்காமல் வேறென்ன செய்வார்?

இதை நான் வரலாறு என்று சொல்லவில்லை, வரலாற்றில் கிடைக்கும் ஒரு கதை. நீங்கள் பார்த்த தூணில் சிந்துபால் தலைவாசலில் நிற்கிறார், கெசட்டியரில் மதன்பால் நிற்கிறார். பயானாப் பக்கத்து தஹன்கட் கோட்டை 1196 வாக்கில் முகம்மது கோரியின் கைக்குப் போனது. சின்சினியிலிருந்து ஒரு ஆள் முகலாய ஆவணங்களில் ஓங்கித் தெரிய ஆரம்பிப்பது 1680-களில். நடுவில் கிட்டத்தட்ட 500 வருஷம். அந்த இடைவெளியை நிரப்பக் கைக்குச் சிக்குவது பெயர்கள் மட்டும்தான்: இன்னாருக்கு மகன் இன்னார்.

கரோல்பாக்பையன் | செவ்வாய், இரவு 11:02

நான் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் கும்ஹேர் பக்கத்து ஜாட். அவனிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

"வார்" என்பது ஊரோடு ஒட்டும் விகுதி. சின்சினி ஊர்க்காரன் சின்சின்வார். சோகர் ஊர்க்காரன் சோகர்வார். நோஹ் ஊர்க்காரன் நோஹ்வார். அந்தப் பிரஜ் வட்டாரத்தில் (மதுராவைச் சுற்றிய கிருஷ்ணர் பூமி) பாதி கோத்ரங்கள் இப்படித்தான். தோல்பூரை ஆண்ட ஜாட்கள் பம்ரோலியா, ஆக்ரா பக்கத்து பம்ரோலி என்ற ஊரை வைத்து. நம் ஊரில் இனிஷியலுக்கு முன்னால் ஊர்ப் பெயர் போடுவோமே, அது தலைமுறை தலைமுறையாக உறைந்துபோனால் எப்படி இருக்கும், அப்படி.

இன்னொன்று. ஜாட்களிடம் கோத்ரம் (அவர்கள் "கோத்" என்பார்கள்) பிராமணர்களின் ரிஷி கோத்ரம் மாதிரி சடங்கில் மட்டும் வரும் சொல் இல்லை. அது ரத்த பந்தம். ஒரே கோத் என்றால் எல்லோரும் அண்ணன் தங்கை. கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் கேட்பது அதைத்தான். தன்னுடையது, அம்மாவுடையது, பல வீடுகளில் அப்பாவைப் பெற்ற பாட்டியுடையது, இந்த மூன்றையும் விலக்கித்தான் பெண் பார்ப்பார்கள். என் அறைத்தோழன் பரீட்சைக்குப் படிக்காமல் ஒரு பெண்ணின் பாட்டி என்ன கோத் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் அலைந்தான். கடைசியில் அதே கோத். பரீட்சையும் போச்சு.

ஃபௌஜ்தார் பட்டம்தான். முகலாயர் காலத்தில் ஒரு வட்டாரத்துக்குப் படையோடு பொறுப்பில் இருந்த அதிகாரியின் பதவிப் பெயர். பரத்பூர் பக்கத்து சின்சின்வார்கள் நிறையப் பேர் இதைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். தாகூர் என்று போடுகிறவர்களும் உண்டு.

சண்டைக்கோழி | புதன், காலை 6:15

பால்சந்த், பிஜய், சிஜய் எல்லாம் பாட்டி கதை. ஜாட்கள் சித்தியர்கள். நடு ஆசியாவிலிருந்து குதிரையில் வந்தவர்கள். வெள்ளைக்கார அதிகாரி கர்னல் டாட் அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார், கன்னிங்ஹாமும் அதையே சொன்னார். ஆள் உயரத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா? ஒரு டி.என்.ஏ. சோதனை போட்டால் பத்து நிமிஷத்தில் முடிகிற விஷயத்துக்கு ஏன் இழை?

கரோல்பாக்பையன் | புதன், காலை 6:50

உயரத்தை வைத்து முடிவு கட்டுவதானால் என் மாமா ஆறடி ரெண்டு அங்குலம். கும்பகோணம்.

பழஞ்சுவடி | புதன், காலை 10:10

சண்டைக்கோழி, டாட் எழுதியது 1829–32-ல். பெயர் ஒலி ஒத்துப்போனால் இனமும் ஒன்று என்று முடிவு கட்டிய காலம் அது. கேட்டே, யூட், ஜாட் என்று ஐரோப்பா வரைக்கும் கயிறு திரித்தார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கு யாரும் கிணற்றில் இறங்க மாட்டார்கள்.

ஆவணங்கள் சொல்வது வேறு. ஜாட் என்ற பெயர் கூட்டமாக முதலில் தென்படுவது சிந்துவில். 8-ஆம் நூற்றாண்டு அரபுப் படையெடுப்பைப் பற்றிய சச்நாமாவில் அவர்கள் சிந்து நதிக் கரையில் மாடு மேய்ப்பவர்களாகவும் படகோட்டிகளாகவும் வருகிறார்கள். அரபு எழுத்தாளர்கள் "ஸுத்" என்றார்கள். 11-ஆம் நூற்றாண்டில் பஞ்சாபில் தெரிகிறார்கள். 1595-ஐ ஒட்டிய ஐன்-இ-அக்பரியில் பர்கனா வாரியாக எந்தச் சாதி ஜமீன்தார் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பஞ்சாபிலும் கங்கை யமுனை நடுவிலும் ஜாட்கள் நிலத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். இந்த நகர்வை வரிசைப்படுத்திக் காட்டியவர் வரலாற்றாசிரியர் இர்ஃபான் ஹபீப். மேய்ச்சல்காரர்கள் உழவர்களானதற்குப் பாரசீகச் சக்கரம் என்கிற பல்லிணைத்த ஏற்றம் பரவியதும் ஒரு காரணம் என்பது அவர் வாதம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. மாட்டை ஓட்டிக்கொண்டு திரிந்தவன் அதே மாட்டைச் சக்கரத்தில் பூட்டிச் சுற்ற விட்டதும் ஊர் பிடித்துவிடுகிறது. ஊர் பிடித்ததும் பெயருக்குப் பின்னால் "வார்" ஒட்டுகிறது.

டி.என்.ஏ. பற்றி ஒரு வார்த்தை. பால்சந்த் கதை உண்மையானால் சின்சின்வார் ஆண்களும் கரௌலி ஜாதோன் ஆண்களும் ஒரே தந்தைவழிக் குறியைச் சுமக்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க முடியும், நியாயமான கேள்விதான். ஆனால் கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்பதற்கு எச்சிலில் பதில் வராது.

மலர்விழி_நொய்டா | புதன், காலை 11:30

இதில் ஒரு வேடிக்கை. அல்பிரூனி 1030 வாக்கில் எழுதும்போது கிருஷ்ணர் பிறந்த குடும்பத்தையே "ஜட்" என்கிறார். மாடு வைத்திருப்பவர்கள், தாழ்ந்த சூத்திரர் என்றும் கூடவே எழுதிவிட்டார். இரும்புத் தூண்காரர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள். நாமும் அதைத்தானே செய்வோம்.

சிவனின் ஜடையிலிருந்து பிறந்ததால் ஜாட் என்கிற கதையை யாராவது சொல்லப் போகிறீர்கள் என்றால், சொல்லியாயிற்று, நேரத்தை மிச்சம் பிடியுங்கள்.

நெறியாளர் | புதன், மதியம் 12:05

பாட்டி கதை, ஆள் உயரம் போன்ற பேச்சு போதும். எந்தச் சமூகத்தையும் உயர்த்தியோ தாழ்த்தியோ எழுதும் பதிவுகள் நீக்கப்படும். மற்றபடி இழை நன்றாகப் போகிறது.

ஆக்ராரோடு | புதன், இரவு 8:55

எல்லோருக்கும் நன்றி. ஃபௌஜ்தார் விஷயம் தெளிந்தது. 1680-களில் சின்சினி ஆள் ஒருவர் என்று நிறுத்திவிட்டீர்களே, பழஞ்சுவடி சார். அவர் யார்?

பழஞ்சுவடி | புதன், இரவு 10:40

ராஜாராம். சின்சினிக்காரர். எனக்குக் கேட்டால் அந்தத் தூணின் முதல் பெயராக இவரைத்தான் போட்டிருக்க வேண்டும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1669-ல் மதுராப் பக்கம் ஜாட் விவசாயிகள் கோகுலா என்பவர் தலைமையில் கிளம்பி ஃபௌஜ்தார் அப்துன் நபியைக் கொன்றார்கள். கோகுலாவைப் பிடித்து ஆக்ராவில் வெட்டிப் போட்டதோடு அது அடங்கிற்று. அதற்கப்புறம் ஔரங்கசீப் தக்காணத்துக்கு இறங்கிப் போய்விட்டார். பேரரசரும் கருவூலமும் நல்ல தளபதிகளும் தெற்கே. டில்லி ஆக்ரா ராஜபாட்டையில் காவல் குறைவு, வண்டி வண்டியாகச் சரக்கு. இதை ராஜாராம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் செய்ததில் இரண்டு விஷயம் புதுசு. தனித்தனியாக இருந்த கோத்ரங்களைச் சேர்த்தார். சோகர் ஊர்த் தலைவர் ராம்சேஹ்ராவோடு கைகோத்தார். அடுத்தது, காட்டுக்குள் மண் கோட்டைகள் கட்டினார். செங்கல்லும் கல்லும் இல்லை, வெறும் மண். கல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் பிளக்கும். தடிமனான மண் சுவரில் பட்டால் புதைந்துபோகும். விவசாயிக்குத் தெரிந்த பொருளை வைத்தே பீரங்கிக்குப் பதில்.

1688-ல் ஆக்ரா பக்கத்து சிக்கந்திராவில் அக்பர் சமாதியைக் கொள்ளையடித்தார்கள். பேரரசருக்கு இதைவிடத் தலைக்குனிவு வேண்டுமா? அக்பரின் எலும்புகளைத் தோண்டி எரித்தார்கள் என்று இத்தாலியப் பயணி மனூச்சி எழுதுகிறார், எல்லோரும் அதை எடுத்துப் போடுகிறார்கள். கொஞ்சம் நிதானம் வேண்டும். மனூச்சி 1686-லேயே நம் சென்னப்பட்டணத்துக்கு வந்து குடியேறிவிட்டார். ஜார்ஜ் கோட்டைப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சிக்கந்திராவில் நடந்ததை எழுதுகிறார் என்றால் அது காதில் விழுந்த செய்தி. சமாதி சூறையாடப்பட்டது உறுதி. எலும்பு விஷயத்தில் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

அதே வருஷம் ஜூலையில் சௌகான்களுக்கும் சேகாவத்களுக்கும் நடந்த சண்டையில் ராஜாராம் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். தலை தக்காணத்துக்கு, பேரரசரிடம் போயிற்று. 1690 ஜனவரியில் இளவரசர் பீதர் பக்தும் ஆம்பேர் அரசர் பிஷன் சிங்கும் சேர்ந்து சின்சினியைப் பிடித்தார்கள். அதே ஆண்டுதான் முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைச் சுற்றி வளைக்க ஆரம்பித்தது. பேரரசு இரண்டு முனையிலும் கோட்டைச் சுவர்களோடு மல்லுக்கட்டிய வருஷம்.

சண்டைக்கோழி | வியாழன், காலை 6:20

இதை நான் ஒத்துக்கொள்கிறேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஐயா. ஆனால் ஒரு ஊரின் மண் கோட்டையிலிருந்து இவ்வளவு பெரிய சமஸ்தானம் எப்படி வந்தது? சின்சினிதான் விழுந்துவிட்டதே.

பழஞ்சுவடி | வியாழன், மதியம் 2:30

விழுந்தது ஊர்தான், குடும்பம் மிஞ்சியது. அடுத்து வந்தவர் சூராமன் (நம் சூடாமணிதான்). இவர் சின்சினியை விட்டு தூன் என்ற இடத்தில் கோட்டை போட்டார். வாரிசுச் சண்டைகளில் தோற்ற பக்கம், ஜெயித்த பக்கம் இரண்டையும் கொள்ளையடிப்பது இவர் வழக்கம். கடைசியில் முகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் இவரையே டில்லியிலிருந்து சம்பல் வரைக்குமான சாலைக்குக் காவலராக்கினார். வழிப்பறிக்காரருக்கே சுங்கம் வசூலிக்கும் உரிமை. அவரும் மனசாட்சியோடு வசூலித்தார், கொஞ்சம் அதிகமாகவே. பொறுக்க முடியாமல் 1716-ல் ஆம்பேர் (பின்னால் ஜெய்ப்பூர்) அரசர் சவாய் ஜெய்சிங்கை அனுப்பி தூனை முற்றுகையிட்டார்கள். ஒன்றரை வருஷம் ஆகியும் பிடிக்க முடியாமல் சமரசத்தில் முடிந்தது.

சூராமன் 1721-ல் சொந்த மகனோடு சண்டை போட்டு விஷம் குடித்து இறந்தார். அதற்கப்புறம்தான் நம் இழைக்கு வேண்டிய ஆள் வருகிறார்: பதன் சிங், சூராமனின் தம்பி மகன். பெரியப்பா குடும்பத்தோடு பகை. நேராக ஜெய்சிங்கிடம் போய்ச் சேர்ந்துகொண்டார். 1722-ல் தூன் விழுந்ததற்கு இவர் கொடுத்த உள் விவரமும் காரணம். ஜெய்சிங் இவருக்குத் தலைப்பாகை கட்டி, பிரஜ்ராஜ் என்று பட்டமும் கொடுத்தார்.

இவர் கடைசிவரை தன்னை ராஜா என்று சொல்லிக்கொள்ளவில்லை. தாகூர், ஜெய்ப்பூருக்கு அடங்கியவர், அவ்வளவுதான். தசராவுக்கு ஜெய்ப்பூர் தர்பாருக்குப் போய் வருவார். இந்த இடத்தில் என் ஊகத்தைச் சொல்லிவிடுகிறேன், ஆதாரம் கேட்காதீர்கள். சூரிய வம்சத்துக் கச்வாஹாக்கள், அதாவது ஜெய்சிங் குலத்தார், நிறைந்த சபையில் போய் உட்காருகிறவரிடம் "நீங்கள் எந்த வம்சம்?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். "சின்சினி ஊர்" என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அப்போது பக்கத்து ஊர் பயானாவின் யதுவம்சம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிரஜ் பூமியை ஆள்கிறவருக்குக் கிருஷ்ணரைவிடப் பொருத்தமான மூதாதை யார்?

இது சின்சின்வார்களின் தனித் தந்திரம் இல்லை. பாட்டியாலா, நாபா, ஜிந்த் மூன்றையும் ஆண்ட ஃபுல்கியான் குடும்பம் சித்து கோத்ர ஜாட்கள். அவர்கள் ஜெய்சல்மேரை நிறுவிய பட்டி ராஜபுத்திரர் ஜைசல் வழி என்றார்கள். அதுவும் யதுவம்சம்தான். ஆட்சி கையில் வந்ததும் ராஜபுத்திர மூதாதையும் வந்துவிடுகிறார். 1881 பஞ்சாப் கணக்கெடுப்பைச் செய்த இபெட்சன், ஜாட், ராஜபுத்திரர் என்ற பிரிவு ரத்தத்தைவிடச் சமூக நிலையைப் பொறுத்தது என்றே எழுதினார். விதவைக்கு மறுமணம் செய்தால் ஜாட், செய்யாவிட்டால் ராஜபுத்திரர் என்கிற மாதிரியான கோடு அது. விதவையின் மேல் மைத்துனர் சால்வை போட்டு மனைவியாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் ஜாட்களிடம் வெளிப்படையாகவே இருந்தது. பால்சந்த் கதையிலும் பந்தியை விட்டு விலக்கியது ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதற்காகத்தான் என்பதைக் கவனியுங்கள்.

கரோல்பாக்பையன் | வியாழன், மாலை 5:45

வம்சாவளி எழுதுகிற ஆட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. "ஜாகா" என்பார்கள். அவர்களுக்கு அது பரம்பரைத் தொழில். சில வருஷத்துக்கு ஒரு முறை துணியில் சுற்றிய நீளமான போதியோடு (வம்சாவளி ஏடு) ஊருக்கு வருவார்கள். முற்றத்தில் கட்டில் போட்டு உட்கார வைத்து, குடும்பமே சுற்றி உட்காரும். ஜாகா பழைய பெயர்களை ராகமாகப் படிப்பார். போன முறைக்குப் பிறகு பிறந்த பையன்களின் பெயரைக் கடைசியில் எழுதிக்கொள்வார். துணி, தானியம், பணம் கொடுத்து அனுப்புவார்கள். என் அறைத்தோழன் பெயர் ஏறிய அன்றைக்கு அவன் தாத்தா ஒரு கன்றுக்குட்டி கொடுத்தாராம்.

பெண் பிள்ளைகள் பெயர் அவர்கள் வீட்டுப் போதியில் ஏறியதில்லை. அவன் தங்கை அதற்கு ஜாகாவிடமே சண்டை போட்டிருக்கிறாள்.

சமீபத்திய நாலைந்து தலைமுறைக்கு இந்தப் போதியை நம்பலாம், நேரில் கேட்டு எழுதியது. மேலே போகப் போக, கன்றுக்குட்டி கொடுத்தவர் மனம் குளிரும்படிதான் எழுத்து இருக்கும்.

ரத்தினம்_முன்னாள்ஹவில்தார் | வியாழன், இரவு 9:10

நான் சிக்னல்ஸ். இரண்டு வருஷம் ஒரு ஜாட் பட்டாலியனோடு இணைப்பில் இருந்தேன். பரத்பூர் பையன்கள் ஒரு வசனம் சொல்வார்கள்: எட்டு ஃபிரங்கி, ஒன்பது வெள்ளைக்காரன், எதிர்த்து நிற்பது ஜாட்டின் இரண்டே பையன்கள். ஹரியானா ஜாட்களுக்கும் இவர்களுக்கும் பேச்சே வேறு. இவர்கள் பேசுவது பிரஜ் பாஷை, கேட்க இனிமையாக இருக்கும், வைகிற போதுகூட. வம்சம் எல்லாம் எனக்குத் தெரியாது. அந்த வசனம் எந்தச் சண்டையைச் சொல்கிறது?

பழஞ்சுவடி | வெள்ளி, காலை 9:30

1805, ஹவில்தார். யஷ்வந்த் ராவ் ஹோல்கர் வந்து அடைக்கலம் கேட்டார், பரத்பூர் ரஞ்சித் சிங் (பஞ்சாப் சிங்கம் வேறு ஆள்) கொடுத்தார். கும்பினித் தளபதி லேக் பிரபு படையோடு வந்தார். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நான்கு முறை மோதினார்கள், நான்கு முறையும் உள்ளே நுழைய முடியவில்லை. செத்தவரும் காயம்பட்டவருமாக அவர்களுக்கு 3,000-க்கு மேல் இழப்பு. அகழியைக் கடக்க ஏணி, பாலம் எல்லாம் கொண்டுவந்தும் பலிக்கவில்லை. காரணம் அதே சமாச்சாரம்: மண் சுவர். ராஜாராம் காட்டுக்குள் கட்டியதைத்தான் சூரஜ்மல் பெரிதாகக் கட்டியிருந்தார். ஏப்ரலில் உடன்படிக்கை. 1826 ஜனவரியில் கம்பர்மியர் பிரபு சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்துத்தான் உள்ளே போனார்.

அந்த பரத்பூரும் முதலில் சின்சின்வார்களுடையது இல்லை. அங்கே சோகர்வார் தலைவர் கேம்கரண் இருந்தார். 1730-களில் பதன் சிங்கின் மகன் சூரஜ்மல் அவரிடமிருந்து பிடித்துக்கொண்டார். ராஜாராமோடு தோளோடு தோள் நின்ற அதே சோகர் கோத்ரம். ஜாட் ஒற்றுமை என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

சூரஜ்மலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனி இழை வேண்டும். 1753-ல் டில்லியைச் சூறையாடினார், 1761-ல் பானிபட்டில் தோற்று ஓடி வந்த மராட்டியர்களுக்குச் சோறும் துணியும் மருந்தும் கொடுத்தார், அதே வருஷம் ஆக்ராக் கோட்டையைப் பிடித்தார், 1763 டிசம்பர் 25 அன்று டில்லிக்குப் பக்கத்தில் நஜீப் உத் தௌலாவோடு நடந்த சண்டையில் இறந்தார். ஒரு பாரசீக நூலாசிரியர் இவரை ஜாட்களின் அஃப்லாதூன், அதாவது பிளேட்டோ என்றார். உடை விவசாயியின் உடை, பேச்சு பிரஜ் பேச்சு, மூளை பிளேட்டோ மூளை என்பது அவர் வியப்பு.

இவர் மகன் ஜவாஹர் சிங் காலத்தில் பரத்பூரில் இருந்த வெண்டல் பாதிரியார் ஜாட்களைப் பற்றிப் பிரெஞ்சில் குறிப்புகள் எழுதிவைத்தார். 1979-ல் அதைப் பதிப்பித்தவர் யார் தெரியுமா? செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதிய ழான் தெலோஷ். புதுச்சேரியிலேயே வாழ்ந்த ஆள்.

மலர்விழி_நொய்டா | வெள்ளி, மதியம் 1:15

வம்சாவளி என்றால் பழங்கதை, இப்போது யாருக்கு என்ன என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் வக்கீல், இந்தக் கோப்பு ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன்.

1999-ல் ராஜஸ்தான் ஜாட்களை மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் சேர்த்தார்கள். பரத்பூர், தோல்பூர் இரண்டு மாவட்ட ஜாட்களுக்கு மட்டும் இல்லை. அந்த இரண்டு இடத்திலும் ஜாட் அரசர்கள் ஆண்டிருக்கிறார்கள், ஆண்ட சாதி எப்படிப் பிற்பட்டதாகும் என்பது வாதம். 2014 மார்ச்சில் தேர்தலுக்குச் சற்று முன் ஒன்பது மாநில ஜாட்களைச் சேர்த்த அறிவிக்கையில் இந்த இரண்டு மாவட்டமும் வந்தன. 2015 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அதே வருஷம் மாநிலப் பட்டியலிலும் உயர் நீதிமன்றம் கை வைத்தது. 2017-ல் மாநில அரசு மறுபடி சேர்த்தது. மத்தியப் பட்டியலுக்காக 2024 ஜனவரியிலும் பரத்பூரில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். பதன் சிங் காலத்தில் வம்சம் இல்லை என்றால் சபையில் இடமில்லை. இப்போது வம்சம் இருக்கிறது என்பதால் பட்டியலில் இடமில்லை. அரண்மனைக்குள் இருந்தது ஒரு குடும்பமும் அதன் பங்காளிகளும்தான். மூன்று பிகா நிலத்தில் கடுகு போடுகிறவன் பெயருக்குப் பின்னாலும் அதே சின்சின்வார் இருப்பதால் அவனும் அரச வம்சம் ஆகிவிடுகிறான். என்னிடம் வந்த ஒரு பெரியவர் காலை வேளையில் மனுவில் பிற்பட்ட வகுப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் கேன்டீனில் "நாங்கள் யதுவம்சி க்ஷத்திரியர்" என்று மீசையைத் தடவினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டும் அவருக்கு வேண்டியிருக்கிறது.

சண்டைக்கோழி | வெள்ளி, மதியம் 1:40

அக்கா, இது நல்ல பதிவு. என் சித்தியர் கட்சியை இப்போதைக்குக் கலைத்துவிடுகிறேன்.

கரோல்பாக்பையன் | வெள்ளி, மாலை 6:00

ஆக்ராரோடு அண்ணா, சின்சினி போவதானால் டீக்கையும் பார்த்துவிடுங்கள். இப்போது டீக் தனி மாவட்டம், 2023-ல் பரத்பூரிலிருந்து பிரித்தார்கள். பதன் சிங், சூரஜ்மல் கட்டிய மாளிகைகள் அங்கேதான். மாடியில் பெரிய தொட்டி, அதன் பக்கச் சுவரில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு நீரூற்றுக்குப் போகிறது. ஓட்டைகளைக் கட்டையால் அடைத்து வைத்திருப்பார்கள். திருவிழா நாளில் அடைப்பை எடுத்து, சாயப்பொடி கட்டிய துணி முடிச்சைச் செருகுவார்கள். கீழே தோட்டத்தில் ஒவ்வொரு ஊற்றும் ஒவ்வொரு நிறத்தில் பீய்ச்சும். மோட்டார் கிடையாது, வெறும் இறக்கத்து அழுத்தம்.

ஆக்ராரோடு | ஞாயிறு, இரவு 9:20

போய்விட்டு வந்தேன்.

டீக்கில் அந்தத் தொட்டியைப் பார்த்தோம். திருவிழா இல்லாததால் ஊற்றுகள் காய்ந்து கிடந்தன. ஓட்டைகளை எண்ண ஆரம்பித்த என் பையன் பாதியில் விட்டுவிட்டான். அங்கிருந்து கும்ஹேர் சாலையில் தெற்கே வந்து சின்சினிக்குத் திரும்பினோம். அலுவலக ஃபௌஜ்தார் தன் தூரத்துச் சித்தப்பா ஒருவருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

வயது எண்பது இருக்கும். வேப்ப மரத்தடியில் கட்டில், ஹுக்கா, பக்கத்தில் ஒரு எருமை. மோர் கொடுத்தார்கள், நம் ஊர் சொம்பு மாதிரி இரண்டு மடங்கு பாத்திரத்தில். நான் கற்றுக்கொண்டு போன கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பால்சந்த் கதை தெரியுமா என்றதற்கு, "ஜாகாவின் போதியில் வேறு மாதிரி இருக்கிறது" என்று நிறுத்திக்கொண்டார். கிருஷ்ணர் வழியா என்றதற்கு, "பிரஜ் மண்ணில் யார்தான் இல்லை?" என்றார். ராஜாராம் பெயரைச் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது, ரத்தினம் சார் சொன்ன பிரஜ் பாஷை.

கிளம்பும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்: "உன் கோத் என்ன?"

எங்களுக்கு அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவர் விடவில்லை. கோத் இல்லாமல் எப்படி, உன் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது என்ன சொல்வாய்? சரி, உங்கள் முன்னோர்கள் ஊர் எது?

தேனி என்றேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு எருமைப் பக்கம் உட்கார்ந்திருந்த பேரனைக் கூப்பிட்டு, "இவங்க தேன்வார்" என்று அறிமுகம் செய்து வைத்தார்.

கரோல்பாக்பையன் | ஞாயிறு, இரவு 9:31

தேன் வார்! அண்ணா, உடனே பயனர் பெயரை மாற்றுங்கள்.

ஆக்ராரோடு | ஞாயிறு, இரவு 9:48

பெண் ஏற்கெனவே பள்ளி நோட்டில் எழுதிவிட்டாள்.